பின்னால் ஓடிக்கொண்டிருப்பவை

ஓடைப்பாளையத்தில் தறி ஓடினால் ஜனம் தூங்கும், தறி நின்றால் விழித்துக்கொள்ளும். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு, மாட்டுக்கொட்டகை இருந்த இடத்திலெல்லாம் விசைத்தறியைப் போட்டு, அது இராப்பகலாக டடக் டடக்கென்று துண்டு நெய்துகொண்டே கிடந்ததால், பிறந்த பிள்ளையின் காதில் முதலில் விழுவதும் அந்தச் சத்தம்தான், போகிற உயிர் கடைசியாக விட்டுவிட்டுப் போவதும் அந்தச் சத்தம்தான்; ஆகவே அது அந்த ஊரில் யாருக்கும் கேட்பதே இல்லை. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள் பாருங்கள், அப்போதுதான் ஊரே திடுக்கிட்டு எழுந்து, கூரையைப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, என்னவோ ஒன்று நம்மைவிட்டுப் போய்விட்டதே என்று நெஞ்சைத் தடவிக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்ட சத்தத்துக்குள்ளே ஒரே ஒரு மூச்சை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் வசந்தாமணி.

கடைவீதியில் மாகாளியம்மன் கோயிலுக்கு எதிரே அவளுடைய கம்ப்யூட்டர் சென்டர். சாதிச் சான்று, பட்டா, ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கேதான். கடைக்குப் பின்னால் ஒரு பூப்போட்ட திரை, திரைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்காரர் துண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரிக்காரர், வந்தால் விருந்தாளி மாதிரி நாலு நாள் இருப்பார். மற்றபடி அவளும் மகள் நிரஞ்சனாவும்தான். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதில் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்தது. ஒரு விடியக்காலம் வசந்தாமணி தன்னை மீறி அசந்துபோய், கண்ணைத் திறந்து பார்த்தபோது பிள்ளையின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. அள்ளிக்கொண்டு ஓடினாள். டாக்டர் பிழைக்கவைத்துக் கையில் கொடுத்து, "பாத்துக்கிட்டே இருங்கம்மா" என்றார். எல்லா டாக்டரும் எல்லாத் தாய்க்கும் சொல்கிற வார்த்தைதான் அது. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறந்துபோகிற வார்த்தை. வசந்தாமணி மறக்கவில்லை. அன்றைக்குத் திறந்த காதை அப்புறம் அவள் மூடவே இல்லை. பட்டா எண்ணைத் தட்டும்போதும், சோறு வடிக்கும்போதும், வந்தவர்களோடு சிரித்துப் பேசும்போதும், திரைக்குப் பின்னாலிருந்து ஹூம்... ஹாவென்று வருகிற மூச்சு தறிச்சத்தத்தை மீறி அவள் காதுக்கு வந்துகொண்டே இருக்கும். வந்துகொண்டிருக்கிறவரைக்கும் கை வேலை செய்யும். தூக்கம் என்று அவள் தூங்கியதெல்லாம் கோழித் தூக்கம்.

பிள்ளை வளர்ந்தாள், நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று இன்னொரு டாக்டர் படம் எடுத்துக் காட்டினார், ஆனாலும் மூச்சு சத்தமாகத்தான் வந்தது. இப்போது அவளுக்குத் தூத்துக்குடியில் மீன்வளம் படிக்க இடம் கிடைத்திருந்தது. கடலையே பார்க்காத பெண் மீனைப் படிக்கப் போகிறேன் என்றதும் ஊர் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆடிப்பெருக்கு கழிந்து திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அப்பாவுக்குப் போன் போட்டால் உங்கம்மா சரின்னா சரி என்றார். அம்மாவைக் கேட்டால், "பாக்கலாம் கண்ணு" என்றாள். 

இப்படி இருக்கும்போதுதான் அந்த மாதத்துக் கரண்ட் நிறுத்தம் வந்தது. மத்தியானம் கரண்ட் திரும்பி, தறிகள் ஓட ஆரம்பித்து, ஊர் பழையபடி நிம்மதியானதும், வசந்தாமணி கம்ப்யூட்டரைப் போட்டாள். அது கிழட்டுக் கம்ப்யூட்டர், எழுந்திருக்கவே வெகுநேரம் முனகும். அதற்கு அவள் ஒரு கைவைத்தியம் வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் நம் கண்ணுக்கு முன்னால் நடக்கிற வேலை கொஞ்சம், யாரும் கூப்பிடாமலே பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற வேலை அநேகம். அதற்கு சர்வீஸ் என்று பேர். ஒவ்வொன்றும் எப்படி ஓட வேண்டும் என்று நாம் சொல்லலாம்: தானாகவே ஓடட்டும், கொஞ்சம் பொறுத்துத் தானாக ஓடட்டும், கூப்பிட்டால் மட்டும் ஓடட்டும், ஓடவே வேண்டாம். இல்லாத பேக்ஸ் மெஷினுக்கும் எப்போதோ விற்றுப்போன பிரிண்டருக்கும் வெட்டியாக ஓடுவதையெல்லாம் அவள் தேடித் தேடிக் கட்டிப்போடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் சர்வீஸ் வரிசையைத் திறந்து இறங்கிக்கொண்டு வந்தாள். பிரிண்டர் சர்வீஸ் இருந்தது, கடிகாரத்தைச் சரிபார்க்கிற சர்வீஸ் இருந்தது, அதற்கு அடுத்து, 'மாகாளியம்மன் கோயில் வேம்பில் காகம் கரைதல்' என்று இருந்தது. தானாக ஓடுவது, இப்போது ஓடிக்கொண்டிருப்பது. வசந்தாமணி அதை அமுக்கி நிறுத்தினாள். எதிரே வேப்பமரத்தில் காகங்கள் வாயை மூடிக்கொண்டு ஒன்றையொன்று பார்த்தன. மறுபடி ஓட விட்டாள், கரைந்தன. சரி என்று நினைத்துக்கொண்டு, காத்திருந்தவருக்குப் பட்டாவை அடித்துக் கொடுத்துவிட்டு, மேலே படித்தாள்.

படிக்கப் படிக்க வரிசை இறங்கிக்கொண்டே போனது. பேரூராட்சிக் கிணற்றின் கீழ்ப்பாறையில் தண்ணீர் கசிதல். பூட்டிக்கிடக்கிற தபால்காரர் வீட்டில் வெயில் சன்னல் வழியாக நகர்ந்து சுவரில் ஏறி இறங்குதல். சாமி தூக்குகிறவர்களின் தோளில் காய்ப்பு கெட்டிப்படுதல். செத்துப்போன அக்காவின் குரலைத் தங்கச்சி தன் தொண்டைக்குள் வைத்திருத்தல். ஊமத்தங்காய்க்குள் முள் வளர்தல். தலைவாசலில் விளக்கு வைக்கும்போது தெரு முழுவதும் ஒரு நொடி பேசாமல் இருத்தல். இத்தனையும் யாரும் கூப்பிடாமல், யாரும் கவனிக்காமல், இராப்பகலாகப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது வசந்தாமணிக்குப் பயம் வரவில்லை. தேர் அசையும்போது கை தன்னால் கூடுமே, அந்த மாதிரி அவளுடைய கை மவுஸை விட்டு எழுந்து கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் அந்த வரி வந்தது. 'நிரஞ்சனாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருத்தல்.' தானாக ஓடுவது. கம்ப்யூட்டரின் பலத்தில் பாதியை அது ஒன்றே தின்றுகொண்டிருந்தது. வசந்தாமணி அதைச் சட்டென்று மேலே தள்ளிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

சங்கதி ஊருக்குத் தெரிய வெகுநேரம் ஆகவில்லை. மின்வாரிய லைன்மேன் வந்து வோல்டேஜ் கூடினால் இப்படியெல்லாம் ஆகும் என்றார். பூசாரி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேல் வைத்துவிட்டுப் போனார். அதோடு ஆச்சரியப்படுகிற வேலை முடிந்தது. மறுநாளிலிருந்து ஜனங்கள் வருமானச் சான்றுக்கு நிற்கிற மாதிரியே இதற்கும் வரிசையில் நின்றார்கள். தானா ஓடுறது, பொறுத்து ஓடுறது, கூப்பிட்டா ஓடுறது, கட்டிப்போட்டது என்று நாலுக்கும் பேர் வைத்துக்கொண்டார்கள். மேற்குத் தெரு மருமகள் ஒருத்தி மாமியாரின் முணுமுணுப்பைக் கூப்பிட்டா ஓடுறதுக்கு மாற்றச் சொன்னாள். மாற்றியதும் வீடு அமைதியாகி, அந்த வாரக் கடைசியிலேயே அவள் அடுப்படியில் நின்று, ஏனுங்கத்தை, எதாச்சும் சொல்லுங்களேன் என்று கூப்பிட்டுவிட்டாள் என்று கேள்வி. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரின் கோபத்தைப் பொறுத்து ஓடுறதுக்கு யாரோ மாற்றிவிட்டார்கள். அது வருவதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட, அவர் காலிப் பெஞ்சுகளைப் பார்த்து உறுமிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கவுன்சிலர் ரத்தினசாமி தன் வார்டில் மட்டும் கொசு ரீங்காரத்தைக் கட்டிப்போட்டு, வாக்குறுதியை நிறைவேற்றிவிட்டதாகச் சொன்னார். கொசு சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் கடித்தது. அடிக்கத் தோதாகக் காதோரம் வந்து பாடிய காலமே தேவலை என்று அந்த வார்டே திரண்டு வந்து ரீங்காரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனது.

இதெல்லாம் விளையாட்டு. தறிச்சத்தம்தான் விளையாட்டாக இல்லை.

அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர் நல்லசிவம். ஊரிலேயே பெரிய தறிப்பட்டறை அவருடையது, பேச்சில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும். அவர் வீட்டம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி, சத்தம் ஆகாது. தறி ஓடட்டும், சத்தம் மட்டும் வேண்டாம் என்றார். வரிசையில் 'தறிச்சத்தம்' என்று ஒரே வரியாக இருந்ததால் ஒருவருக்கு மட்டும் நிறுத்த வழியில்லை. ஊர் கூடிப் பேசி, நல்லதுதானே, பரீட்சைப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று ஒத்துக்கொண்டது. வசந்தாமணி கட்டிப்போட்டாள்.

தறிகள் ஓடின, ஊடை நூலைச் சுமந்து நாடா இங்கும் அங்கும் பாய்ந்தது, துண்டு இறங்கியது, ஆனால் கனவில் நடப்பதுபோல ஒரு சத்தமும் இல்லை. முதலில் ஊரே நெஞ்சைத் தடவிக்கொண்டது. அப்புறம் கைக்குழந்தைகள் ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்து, எதைக் கொடுத்தும் எப்படி ஆட்டியும் தூங்காமல், தெருவெல்லாம் ஒரே அழுகையாகிவிட்டது. பட்டறைகளில் இன்னும் மோசம். நூல் அறுந்தால் தறிச்சத்தம் ஒரு முடி அளவு மாறும், அந்த மாற்றத்தைக் கேட்டுத்தான் கை ஓடிப்போய் முடிச்சுப் போடும். அப்படிக் கேட்கிறோம் என்பதே அவர்களுக்கு அதுவரை தெரியாது. இப்போது கண்ணை வைத்துக்கொண்டு குருடர்களாக நின்றார்கள். அறுந்தது அறுந்தபடி இறங்கி, துண்டெல்லாம் சல்லடையாக வந்தது. நல்லசிவம் ஒரு துண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து, அதன் ஓட்டைகள் வழியாகத் தன் பட்டறையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அந்த நிசப்தத்தில் கடைவீதி முழுவதும் ஒன்று கேட்டது. ஹூம்... ஹா. ஹூம்... ஹா. பூப்போட்ட திரைக்குப் பின்னால் நிரஞ்சனா படித்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு டீக்கடை வரைக்கும், கோயில் படி வரைக்கும், பஸ் நிற்கிற புளியமரம் வரைக்கும் கேட்டது. டீக்கடை மாரண்ணன் கிளாஸைக் கழுவிக்கொண்டே, பொண்ணுக்கு இன்னுமா இளைப்பு விடலை என்று விசாரித்தார். நிரஞ்சனா வெளியே வந்து, முகம் சிவந்துபோய், தூசிங்க மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வசந்தாமணி யோசித்தாள். இங்கேயே இப்படி என்றால் கடற்கரைக் காற்றில் எப்படி இருக்கும், அங்கே யார் கேட்பார்கள்?

சத்தத்தைத் திரும்ப ஓடவிட்டார்கள். குழந்தைகள் ஒரே நேரத்தில் வாயை மூடித் தூங்கிப்போயின. அன்றைக்கு ஊர் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டது. ஒவ்வொரு சர்வீஸுக்குள்ளேயும் இரண்டு கட்டம் உண்டு. மேல் கட்டத்தில் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று இருக்கும், கீழ்க் கட்டத்தில் அதைப் பிடித்துக்கொண்டு எவையெல்லாம் நிற்கின்றன என்று இருக்கும். தறிச்சத்தத்தின் கீழ்க் கட்டத்தை முதலிலேயே திறந்து பார்த்திருந்தால் குழந்தைத் தூக்கமும் முடிச்சுப் போடுகிற கையும் அங்கே வரிவரியாக இருந்திருக்கும். ஆகவே இனிமேல் கீழ்க் கட்டத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் எதையும் நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகு பாதிப் பேர் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிப் போனார்கள். தன் அப்பாவின் இருமலை நிறுத்த வந்த ஒருவன், கீழே 'தெருநாய் வாசலில் நிம்மதியாகப் படுத்திருத்தல்' என்று இருப்பதைக் கேட்டுவிட்டு, அப்படியே எழுந்து போனான்.

ஊருக்கெல்லாம் கீழ்க் கட்டத்தைத் திறந்து படித்த வசந்தாமணி தன்னுடைய வரியைத் தொடவே இல்லை. தொட்டால் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். கீழ்க் கட்டத்தில் 'நிரஞ்சனா மூச்சு விடுதல்' என்று இருக்கும். அவள் கேட்பதைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளையின் மூச்சு நிற்கிறது. அவள் ஒரு விடியக்காலம் கேட்காமல் விட்டாள், அது நின்றது; கேட்டாள், ஓடியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆடிப்பெருக்கு வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்லசிவம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். வாசலில் நிரஞ்சனாவின் பெட்டி இருந்தது. அவளே கட்டி, அவளே கொண்டுவந்து வைத்திருந்தாள். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, எடுத்து உள்ளே வை என்றும் சொல்லவில்லை. நல்லசிவம் பெட்டியைப் பார்த்தார், வசந்தாமணியைப் பார்த்தார். தறிச்சத்தத்தைத் தேடியபோது அவள் அவசரமாகத் தாண்டிப்போன வரியை அன்றைக்கே அவரும் படித்திருந்தார்.

"ஏனம்மிணி, ஊர்ச் சட்டம் உனக்குக் கிடையாதா?"

"என்னங்கண்ணா சொல்றீங்க?"

"பாக்காம நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டமல்ல. பாக்காம ஓட்டிக்கிட்டே இருக்கலாமா?" என்றார். பிறகு குரல் இறங்கி, "நானும் சல்லடைத் துண்டு நெய்ஞ்சு பாத்துட்டேன். தெரியாம பயந்துக்கிட்டிருக்கறதுக்கு, தெரிஞ்சுக்கிட்டுப் பயப்படலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே நிரஞ்சனா சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்கிப்போயிருந்தாள். ஹூம்... ஹா என்று மூச்சு வந்துகொண்டிருந்தது. வசந்தாமணி வரிசையைத் திறந்து, இறங்கி, அந்த வரியில் வந்து நின்றாள்.  திறந்தாள்.

'நிரஞ்சனா மூச்சு விடுதல்' இருந்தது, ஆனால் மேல் கட்டத்தில் இருந்தது. அதைப் போய்த் தனியாகத் திறந்து பார்த்தாள். அது எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. மலை நிற்கிற மாதிரி, மழை பெய்கிற மாதிரி, தானே நின்றது. அம்மாவின் காதுதான் அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து கீழ்க் கட்டத்தைப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு வரி இருந்தது.

'அம்மாவுக்குக் கேட்கும்படி மூச்சு விடுதல்.'

ஊர் வழக்கப்படி அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். கேட்க யாரும் இல்லை. அந்தச் சர்வீஸையும் திறந்தாள். அதன் விவரம் என்கிற இடத்தில் நிரஞ்சனாவே எழுதிய மாதிரி, சின்னப்பிள்ளை வாக்கியமாக இருந்தது: சத்தம் கேட்டால் அம்மா வேலை பார்ப்பாள். கேட்காவிட்டால் எழுந்து ஓடிவருவாள். தறியைவிடச் சத்தமாக விட வேண்டும். தூங்கும்போதும் நிறுத்தக் கூடாது.

எப்போது பிள்ளைக்கு இளைப்பு நின்றதோ அப்போதிருந்து, ஒரு நாளும் விடாமல், படிக்கும்போதும் பல் விளக்கும்போதும் காய்ச்சலில் கிடக்கும்போதும், தறிகளையெல்லாம் தாண்டி ஒரு காதுக்குப் போய்ச் சேரும்படி அந்தப் பிள்ளை மூச்சை உந்தி உந்தி விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வசந்தாமணி திரைப் பக்கம் திரும்பினாள். பூப்போட்ட அந்தத் துணியைக் கோயில் நடை திறப்பதற்கு முன்னால் பார்க்கிற மாதிரி பார்த்தாள். காவல் இருப்பது தான் என்று நினைத்துக்கொண்டு இத்தனை காலம் உட்கார்ந்திருந்தாளே, அந்த நாற்காலியில் அவள் உடம்பு கனமற்றுப்போனது.

கேட்டுக்கொண்டிருக்கிற தன் வரிக்குத் திரும்பினாள். கட்டிப்போட மனம் வரவில்லை. கூப்பிட்டா ஓடுறது என்று மாற்றினாள். நிறுத்து என்று அமுக்கினாள். இதை நிறுத்தினால் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிற கீழ் வரியும் நின்றுவிடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"சம்மதம்" என்றாள்.

அப்போது ஒரு பெரிய சத்தம் கேட்டது. இடி இறங்குகிற மாதிரி, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கை தட்டுகிற மாதிரி நாலு பக்கமிருந்தும் வந்தது. வசந்தாமணி அரண்டுபோய் எழுந்து, வாசலுக்கு ஓடி, வானத்தைப் பார்த்தாள். வானம் சும்மா இருந்தது. டீக்கடை மாரண்ணன் சும்மா இருந்தார். அப்புறம்தான் விளங்கியது, அது தறிச்சத்தம். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அது அவளுக்குக் கேட்கிறது.

திரைக்குப் பின்னாலிருந்து எதுவும் கேட்கவில்லை.

ஓடத்தான் கால் துடித்தது. ஓடவில்லை. நடந்துபோய்த் திரையை விலக்கினாள். நிரஞ்சனா ஒருக்களித்துப் படுத்திருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு சத்தமும் இல்லை. சன்னல் வெயிலில் பஞ்சுத் தூசிகள் மிதந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று இறங்கி இறங்கி வந்து பிள்ளையின் மூக்குக்கு முன்னால் நின்றது. நின்று, மெதுவாகத் தள்ளிப் போனது. மெதுவாகக் கிட்டே வந்தது. தள்ளிப் போனது. கிட்டே வந்தது. வசந்தாமணி தரையில் உட்கார்ந்து, தன் மூச்சையே விட மறந்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னவோ உணர்ந்த மாதிரி நிரஞ்சனா பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"கேக்குதாம்மா?"

"கேக்கலை சாமி" என்றாள் வசந்தாமணி. "நீ தூங்கு. பஸ்ஸுக்கு எழுப்பறேன்."

நிரஞ்சனா தூத்துக்குடி போய்ச் சேர்ந்தாள். இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினாலும் கடல் முடியவில்லை என்று போனில் சொன்னாள். எப்போதாவது வசந்தாமணிக்கு வேண்டும்போல இருக்கும். அப்போது கூப்பிடுவாள், பிள்ளை ஒன்றும் கேட்காமல் போனை மூக்குக்கிட்டே வைத்து ஹூம்... ஹா என்று இரண்டு தரம் விட்டுவிட்டு, போதுமா என்பாள். போதும் என்பாள் அம்மா.

அடுத்த மாதக் கரண்ட் நிறுத்தத்தில் ஊர் வழக்கம்போலத் திடுக்கிட்டு எழுந்து நெஞ்சைத் தடவிக்கொண்டது. கரண்ட் வந்ததும் சான்று வாங்க வேண்டும் என்று சிலர் முன்கூட்டியே வந்து சென்டர் வாசலில் வரிசை கட்டினார்கள். முன்னால் நின்றவர் கவுன்சிலர் ரத்தினசாமி. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார், திரும்பி எல்லாரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். வசந்தாமணி கீபோர்டின் மேல் கையை மடித்து, கையின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கோழித் தூக்கம் இல்லை. கிணற்றில் கல் இறங்குகிற மாதிரி ஆழத்துக்குப் போய்விட்ட தூக்கம். அவளுடைய மூச்சு கனமாக, நிதானமாக, டீக்கடை வரைக்கும், கோயில் படி வரைக்கும், புளியமரம் வரைக்கும் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காகங்கள்கூட வாயைத் திறக்கவில்லை, யாரும் எதையும் நிறுத்தியும் வைக்கவில்லை.

அப்படியே மத்தியானமாகி, தெருவிளக்குகள் பட்டப்பகலில் பளிச்சென்று எரிந்து கரண்ட் வந்துவிட்டதைச் சொன்னன. பட்டறை வாசலில் ஆட்கள் சுவிட்ச்சில் கையை வைத்துக்கொண்டு நல்லசிவத்தைப் பார்த்தார்கள். அவர் கடைவீதிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, பொறு என்பதுபோல் கையைத் தூக்கினார். அதைப் பார்த்து அடுத்த பட்டறைக்காரர் தூக்கினார், அவரைப் பார்த்து அடுத்த தெருக்காரர் தூக்கினார். அன்றைக்கு ஓடைப்பாளையத்தில் கரண்ட் வந்து வெகுநேரம் ஆகியும் ஒரு தறிகூட ஓடவில்லை.